தேயாத ஏழாம் நம்பர்

அந்தத் தொழிற்சாலையில் மாப்பிள்ளை என்றால் ஒரே ஆள்தான். முதலாளியின் ஒரே மகளைக் கட்டியவர். கட்டியது அந்த ஒரு பெண்ணைத்தான் என்றாலும், வாசல் காவலாளியிலிருந்து உலைக்காரர் வரை நாற்பத்திரண்டு பேருக்கும் அவர் மாப்பிள்ளைதான். முகத்துக்கு நேரே சார், முதுகு திரும்பினால் மாப்பிள்ளை. வந்த ஆறு மாதத்தில் கழிவறைக் கதவுகளுக்கு நீலம் அடித்தார். 'நாம் எல்லோரும் ஒரே குடும்பம்' என்று சுவரில் ஆள் உயரத்துக்கு எழுதி வைத்தார். வருகைப் பதிவேட்டைத் தூக்கிவிட்டு விரல் வைக்கிற மெஷினை மாட்டினார். உலோகப் பொடியில் புழங்குகிற விரல்களை அந்த மெஷினுக்கு அடையாளம் தெரியவில்லை. அதனால் பொடி கலக்கும் பிரிவில் இருந்தவர்கள் மாதத்தில் பாதி நாள் வேலைக்கு வராதவர்களாகவே பதிவானார்கள். அப்போதும் யாரும் வாயைத் திறக்கவில்லை. அதற்கப்புறம்தான் அவருடைய பார்வை பிளேடு பக்கம் திரும்பியது.

அது வைர பிளேடு செய்கிற இடம். வைரம் என்றதும் மோதிரம், கம்மல் என்று யாரும் வாயைப் பிளக்க வேண்டாம். இது மெஷினில் செய்த வைரம். பார்க்க மஞ்சள் மணல் மாதிரி இருக்கும், எந்தப் பெண்ணும் திரும்பிப் பார்க்க மாட்டாள். ரோடு, சுவர், கருங்கல் எல்லாவற்றையும் அறுக்கிற வட்ட பிளேடு இருக்கிறதே, அதன் நடுத்தட்டு வெறும் இரும்பு. விளிம்பைச் சுற்றிப் பல் வைத்தது போலத் துண்டு துண்டாக இருப்பதில்தான் விஷயம். வைர மணலையும் உலோகப் பொடியையும் கலந்து, கரி அச்சில் போட்டு, அழுத்திச் சுட்டால் ஒரு பல். அந்தப் பல்லைத் தட்டில் பற்றவைத்து, சாணை பிடித்தால் மேலே இருக்கிற வைரங்கள் தலையை நீட்டும். அதைக் கண் திறப்பது என்பார்கள். கண் திறந்த பிளேடுதான் அறுக்கும்.

அந்தக் கலவையைக் கலக்குகிறவள்தான் கலவை அக்கா. பத்தொன்பது வருடமாக அதே தராசு, அதே கலக்கும் உருளை, அதே மூக்குத்துணி. கலக்குகிறவர்கள் மூன்று பேர். ஆளுக்கொரு நம்பர் உண்டு, அதைப் பிளேடின் நடுத்தட்டில் குத்திவிடுவார்கள். ஏதாவது கோளாறு வந்தால் யாரைத் திட்டுவது என்று தெரியத்தான் அந்த ஏற்பாடு. கலவை அக்காவின் நம்பர் ஏழு. திட்டுவதற்கென்று வைத்த நம்பர் எப்படியோ வெளியே பெயர் வாங்கிவிட்டது. சாரத்தில் தொங்கிக்கொண்டு சுவர் அறுக்கிறவர்கள் கடைக்குப் போய் கம்பெனிப் பெயரைச் சொல்ல மாட்டார்கள், "ஏழு இருக்கா?" என்றுதான் கேட்பார்கள். அவர்களில் ஒருத்தருக்கும் இவளைத் தெரியாது. இவளுக்கும் அவர்களைத் தெரியாது. ஆனாலும் அந்த ஒரு விஷயத்தில் அவளுக்குத் தலைக்கனம் உண்டு. ஊரில் எத்தனை பேருக்கு நம்பரைச் சொன்னாலே மரியாதை கிடைக்கிறது, சொல்லுங்கள்.

மாப்பிள்ளை ஒரு திங்கட்கிழமை எல்லோரையும் கூட்டி உட்கார வைத்தார். முதலாளி ஓரத்தில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேசையில் தேய்ந்துபோன பழைய பிளேடு ஒன்று கிடந்தது. பல்லெல்லாம் போய் ஈறு மட்டும் மிச்சம்.

"நம்ம பிளேடு ஏன் தேயுது?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

அவர் கலவை அக்காவைப் பார்த்தார். "அக்கா, நீங்க சொல்லுங்க. நம்ம எல்லாம் ஒரே குடும்பம்."

"தேயறதுக்குத்தான் சார் செய்யறோம்" என்றாள்.

மாப்பிள்ளை சிரித்தார். "பாத்தீங்களா, இந்த மனசைத்தான் நான் மாத்தணும்னு சொல்றேன்."

அவள் விடவில்லை. கல் கெட்டி என்றால் கலவை இளக்கமாக இருக்கணும் சார் என்றாள். மேலே இருக்கிற வைரம் கல்லை அறுத்து அறுத்து மழுங்கிவிடும். அதைப் பிடித்திருக்கிற உலோகம் தேய்ந்தால்தான் மழுங்கினது உதிரும், அடுத்த வரிசை வெளியே வரும். உலோகம் தேயவே தேயாது என்று வையுங்கள், மழுங்கின வைரம் அங்கேயே உட்கார்ந்திருக்கும். அப்புறம் பிளேடு கல்லைத் தடவும், அறுக்காது.

"அதாவது, தேயாத பிளேடு செய்ய உங்களால முடியாதுன்னு சொல்றீங்க."

"முடியும் சார். வெண்கலப் பொடியைக் குறைச்சு, கெட்டியான டங்ஸ்டன் பொடியைக் கூட்டினா முடிஞ்சுது. என் பொண்ணு கூடச் செய்வா."

"அப்ப செஞ்சிடலாமே" என்று மாப்பிள்ளை குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அவள் சொன்னதில் அந்த ஒரு வாக்கியம்தான் அவர் காதில் ஏறியிருந்தது. முதலாளி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி மின்விசிறிக்குப் போனார். ஒற்றை உலையோடு தொழிலைத் தொடங்கிய மனிதர், அவருக்கு எல்லாம் தெரியும். ஆனால் சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மகள் முகத்தில் முழிக்க வேண்டுமே.

வடிவமைப்பு முழுக்க மாப்பிள்ளை கையால் நடந்தது. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே சூடு தணியவும் தூள் வெளியேறவும் ஒரு பிளவு விடுவார்கள். வெறும் பிளவாக இருந்தால் கவர்ச்சி இல்லை என்று அதை இலை வடிவில் வளைத்தார். தட்டுக்கு ஊதா நிறம். அட்டைப் பெட்டியில் 'ஒரு நூல் தேய்ந்தாலும் மாற்றித் தருகிறோம்' என்று தங்க எழுத்து. பிளேடு செய்ய ஒரு வாரம், பெட்டி செய்ய ஐந்து வாரம் ஆனது.

சோதனை அறையில் மெஷின் ஓட்டுகிறவர் கருங்கல்லை வைத்து நாள் முழுக்க அந்தப் புது பிளேடை ஓட்டினார். முன்பு சோதனைப் படிவம் ஒரு பக்கம் இருந்தது. மாப்பிள்ளை அதை மூன்று பக்கமாக்கி இருந்தார். எத்தனை மணி நேரம் ஓடியது, சத்தம் எவ்வளவு, அதிர்வு எவ்வளவு, நிறம் மங்கியதா, பல் எத்தனை நூல் தேய்ந்தது என்று எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. எட்டு மணி நேரம் கழித்து அளந்தால், தேய்மானம் சுத்தமாகப் பூஜ்யம். மெஷின்காரர் மூன்று தடவை அளந்து பார்த்து மூன்று தடவையும் பூஜ்யம் என்று எழுதினார்.

கலவை அக்கா கல்லைப் பார்த்தாள். காலையில் முதல் பத்து நிமிடம் பிளேடு விரல் ஆழம் இறங்கியிருந்தது. அதற்கப்புறம் ஒரு இம்மி இறங்கவில்லை. ஏழே முக்கால் மணி நேரம் ஒரே இடத்தைத் தேய்த்ததில் அந்தப் பள்ளத்தின் அடி கண்ணாடி மாதிரி மினுங்கியது.

"என்னண்ணே இது, கல்லு அறுபடவே இல்லையே. எழுதலையா?" என்று கேட்டாள்.

"எழுதத்தான் பாத்தேன். கட்டம் இல்ல" என்றார் மெஷின்காரர். படிவத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். உண்மைதான். சத்தத்துக்கு மட்டும் நான்கு கட்டம் இருந்தது, எவ்வளவு அறுத்தது என்று கேட்க ஒன்றுகூட இல்லை.

"ஓரத்துல எழுதுங்க."

"ஓரத்துல எழுதினா செல்லாதுன்னு கீழே போட்டிருக்கே அக்கா."

தரச்சான்று தருகிற அதிகாரி வந்தார். படிவத்தைப் படித்தார், பூஜ்யத்தை விரலால் தொட்டுப் பார்த்தார், தன் இருபது வருட அனுபவத்தில் இப்படிக் கண்டதில்லை என்றார். கேக் வெட்டினார்கள். முதலாளி அந்தக் கல்லின் மினுமினுப்பில் குனிந்து தன் முடியைச் சரி செய்துகொண்டார். மாப்பிள்ளையின் மனைவிக்குக் கல் ரொம்பப் பிடித்துவிட்டது, வரவேற்பறைக்கு வேண்டும் என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். அறுக்க வேண்டிய கல்லை மெருகேற்றி வீட்டுக்கு அனுப்பிய ஒரே பிளேடு கம்பெனி இதுவாகத்தான் இருக்கும்.

கேக் தட்டோடு நின்ற மாப்பிள்ளையிடம் கலவை அக்கா போனாள். "சார், ஒரு விஷயம். பிளேடு உங்க இஷ்டம். நம்பரை மட்டும் வேற குத்துங்க. எட்டுன்னு போடுங்க, நூறுன்னு போடுங்க."

"ஏன்க்கா, ஏழுதானே விக்குது?"

"அதனாலதான் சார் சொல்றேன்."

"அக்கா, உங்களுக்கே உங்க மதிப்பு தெரியல. இனிமே மூணு பேர் கலக்கறதும் ஏழுன்னுதான் வரும்" என்று அவர் அன்பாகச் சொன்னார். அவளுக்கு நிஜமாகவே உதவி செய்வதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். கையில் ஒரு துண்டு கேக்கும் கொடுத்தார்.

அன்றைக்கே மூஞ்சியில் அடித்தாற்போல் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் சொல்லவில்லை. வீட்டில் இரண்டு பெண்கள் படித்துக்கொண்டிருந்தார்கள், மூத்தவளுக்குக் கடைசி வருடம். டங்ஸ்டன் பொடியை அள்ளி அள்ளிப் போட்டாள். உருளை சுற்றும்போது சத்தமே வேறு மாதிரி கேட்டது, காதில் பஞ்சை வைத்துக்கொண்டாள். குற்றம் என்று பார்த்தால் அவளுடையதும் உண்டு.

விற்பனை அமர்க்களமாகத் தொடங்கியது. கடைக்காரர்களைக் கூட்டி வைத்து ஊதா பிளேடைக் கான்கிரீட்டில் இறக்கிக் காட்டினார்கள். புதிதாகக் கண் திறந்த பிளேடு முதல் பத்து நிமிடம் எதையும் அறுக்கும். மாப்பிள்ளையின் செய்முறை விளக்கம் இரண்டு நிமிடம்தான். எல்லோரும் கைதட்டினார்கள், பெட்டி பெட்டியாக எடுத்துக்கொண்டு போனார்கள்.

இரண்டு வாரத்தில் புகார்கள் வந்தன. அறுக்க மாட்டேன் என்கிறது, நடுச்சுவரில் நின்றுவிடுகிறது, தட்டு சூடாகி நீலம் பாரிக்கிறது. ஒவ்வொரு பிளேடையும் திரும்ப வாங்கி அளந்து பார்த்தார்கள். ஒரு நூல் தேயவில்லை. 'தங்கள் பிளேடு வாங்கியபோது இருந்த அளவிலேயே இருப்பதால் தங்கள் புகாரில் உண்மை இல்லை என்று தெரிவித்துக்கொள்கிறோம்' என்று அச்சடித்த பதில் எல்லோருக்கும் ஒரே மாதிரி போனது. ஒரு ஆள் விடாப்பிடியாக நான்கு தடவை எழுதினார். அவருக்கு நான்காவது தடவை ஒரு சாவிக்கொத்து சேர்த்து அனுப்பினார்கள்.

கலவை அக்காவின் கணவருக்கும் இதே தொழில்தான், அறுக்கிற பக்கம். கட்டிடங்களில் ஜன்னலுக்கும் குழாய்க்கும் சுவரை அறுத்துத் திறப்பவர். வாய்த்துடுக்கான மனுஷன். பெண்டாட்டி செய்கிற பிளேடைத்தான் வாங்குவார், வாங்கிவிட்டு, "உன் பல்லைவிட உன் பிளேடு பல்லு பரவாயில்ல" என்று வம்புக்கு இழுப்பார். அந்த மாதம் ஆள் பேச்சைக் குறைத்திருந்தார். வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. கேட்டால் வழுக்கி விழுந்தேன் என்றார்.

"மணிக்கட்டு மட்டும் தனியா போய் விழுந்துச்சா?" என்றாள்.

"என் கை, நான் எப்படி வேணா விழுவேன். துணியைக் கட்டு."

துணி எடுக்க அவருடைய கருவிப் பையைத் திறந்தாள். அடியில் பழைய சட்டையில் சுருட்டி ஒரு பிளேடு. பிரித்தால் ஊதா நிறம், அதில் பாதி எரிந்து நீலம். நடுவில் ஏழு. விளிம்பைச் சுற்றி ஒவ்வொரு பல்லாகத் தடவிக்கொண்டே வந்தாள். எல்லாம் வழவழவென்று இருந்தது. ஒரு இடத்தில் விரல் சறுக்கியது. அங்கே பல்லைக் காணோம்.

"எங்க போச்சு?"

அவர் வீங்கின மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, ஒரு பல்லு எங்க?"

"அறுக்கலியேன்னு அமுக்கினேன். சூடாகி எகிறிடுச்சு. எதிர்ச் சுவத்துல போய்ச் சொருகிக்கிச்சு."

"உங்களுக்கு எவ்வளவு தள்ளி?"

அவர் தன் காதுக்குப் பக்கத்தில் கையை வைத்து ஒரு சாண் அளந்து காட்டினார். காட்டிவிட்டு, "உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். நீ பாவம், ராத்திரியெல்லாம் தூங்க மாட்ட" என்றார். வேறு கம்பெனி பிளேடு வாங்கி இரண்டு வாரமாக அதில்தான் வேலை செய்கிறாராம். அதையும் மறைத்து வைத்திருந்தார், கள்ளக்காதல் மாதிரி.

அவள் துணியை எடுத்து அவர் மணிக்கட்டைக் கட்டினாள். இந்த மனுஷனுக்குப் பெண்டாட்டி என்று ஒருத்தி இருக்கிறாள், பையைத் திறந்து பார்க்கிறாள். நம்பரை மட்டும் நம்பி வாங்குகிறவனுக்கு யார் இருக்கிறார்கள்? அவன் அறுக்கவில்லை என்று அமுக்குவான். ஏழு தப்பு செய்யாது, நம் கையில்தான் வலு இல்லை என்று இன்னும் அமுக்குவான். அதை நினைத்தபோது அவளுக்கு மாப்பிள்ளை மேல் வந்த கோபத்தைவிடத் தன் மேல்தான் அதிகம் வந்தது.

மறுநாள் காலை தராசின் முன்னால் நின்று டங்ஸ்டன் டப்பாவை மூடினாள். வெண்கலப் பொடியைப் பழைய அளவுக்கு எடுத்தாள். மற்ற இரண்டு பேரிடமும் போய்ச் சொன்னாள். அவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு, "நாங்க எதையும் பாக்கல அக்கா" என்று சொல்லிவிட்டு அவளைப் போலவே கலந்தார்கள். ஊதாத் தட்டு, இலைப் பிளவு, தங்க எழுத்துப் பெட்டி எல்லாம் அப்படியே. பல் மட்டும் பழைய பல். மூன்று வாரம் அப்படியே போனது. புகார் ஒன்றுகூட வரவில்லை. மாப்பிள்ளை அது தன் பதில் கடிதத்தின் மகிமை என்று கூட்டத்தில் சொன்னார்.

நான்காவது வாரம் பிளேடுகள் திரும்பி வர ஆரம்பித்தன. எல்லாம் ஈறு வரை தேய்ந்தவை. கூடவே கடிதங்கள், அத்தனையும் சந்தோஷமான கடிதங்கள். 'ஐயா, பிளேடு பிரமாதம். ரோடு முழுக்க ஒரே பிளேடில் அறுத்தேன். பெட்டியில் போட்டபடி தேய்ந்ததற்கு வேறொன்று தரவும். இதே மாதிரியே தரவும்.' அப்படி ஒரு அலமாரி நிறைய வந்துவிட்டது. மாப்பிள்ளைக்குத் தலை சுற்றியது. பழைய புகார்க்காரர்களைப் பதில் போட்டு அடக்கிவிட முடிந்தது. பாராட்டுகிறவர்களை என்ன செய்வது என்று அவருடைய படிப்பில் சொல்லித்தரவில்லை.

பொடி இருப்பைப் பார்த்தார்கள். டங்ஸ்டன் டப்பாக்கள் மூடி திறக்காமல் அடுக்கியபடி இருந்தன. கலவை அக்கா தானாகவே போய், "நான்தான் செஞ்சேன். மத்தவங்க நான் சொன்னதைக் கேட்டாங்க" என்று சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை விசாரணை வைத்தார்கள். மேசையில் இரண்டு பிளேடு. ஒன்று முழுசாக, பளபளவென்று. இன்னொன்று தேய்ந்து, அழுக்காக.

"இது என்னக்கா?" என்று தேய்ந்ததைக் காட்டினார் மாப்பிள்ளை.

"வேலை செஞ்ச பிளேடு சார்."

"அப்ப இது?"

"வேலை செய்யாத பிளேடு."

"உங்க அபிப்பிராயத்தைக் கேக்கல. எது சேதாரம் ஆகியிருக்கு? கண்ணால பாத்துச் சொல்லுங்க."

அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். கண்ணால் பார்த்தால் அவர் சொல்வதுதான் சரி.

குற்றச்சாட்டைத் தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். 'நிர்வாகத்தின் முன் அனுமதி இன்றி, தொடர்ந்து மூன்று வாரங்கள், வெட்டக்கூடிய பிளேடுகளைத் தயாரித்தது.' அவள் அதை இரண்டு தடவை படித்தாள். எழுத்துப்பிழை எதுவும் இல்லை.

மாப்பிள்ளை கெட்ட மனுஷன் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு மன்னிப்புக் கடிதம் தயாராக வைத்திருந்தார். தவறுக்கு வருந்துகிறேன், இனி நிர்வாகம் கொடுக்கும் கலவையை மட்டுமே கலப்பேன், ஏழாம் நம்பரின் நற்பெயரைக் காப்பேன். கீழே ஒரு கையெழுத்து, அவ்வளவுதான், திங்கட்கிழமை வழக்கம்போல வரலாம். பேனாவைத் திறந்தும் கொடுத்தார்.

"கையெழுத்து போடலன்னா?" என்றாள்.

"நீங்க போகலாம்."

"நம்பர்?"

"நம்பர் கம்பெனியோடது."

"நான் போறேன் சார். எனக்கு வேற எதுவும் வேண்டாம். அந்த நம்பரை மட்டும் குத்தாதீங்க. ஆளுங்க நம்பி வாங்கறாங்க."

"நம்பி வாங்கறாங்கன்னுதானேக்கா குத்தறோம்" என்றார் மாப்பிள்ளை, குழந்தைக்குச் சொல்வது போல.

அவள் முதலாளியைப் பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்தார். அவள் பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டு எழுந்தாள். அப்போது மணி பத்தரை. வெளியே நடையில் முதலாளி பின்னாலேயே ஓடி வந்து, "நீ செஞ்சது சரிதாம்மா" என்று மெதுவாகச் சொன்னார். கதவு திறக்கும் சத்தம் கேட்டதும், "ஆனாலும் நீ அப்படிச் செஞ்சிருக்கக் கூடாது" என்று உரக்கச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

கைப்பையும் சாப்பாட்டு டப்பாவுமாக அவள் வீட்டுப் பக்கம் போகவில்லை. நான்கு தெரு தள்ளி ஒரு கருவிக்கடை. தொழிற்சாலையிலிருந்து சரக்கு முதலில் இறங்குவது அங்கேதான். கடைக்காரரின் முதுகுக்குப் பின்னால் ஊதாப் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. எல்லாம் புதுச் சரக்கு, முந்தாநாள் வந்தது. டங்ஸ்டன் விஷயம் தெரிந்த அன்றே வெளி ஆளை வைத்துக் கலந்துவிட்டார்கள்.

"இந்தச் சரக்கை விக்காதீங்க. பாதியில நின்னுடும். பல்லு எகிறும்" என்றாள்.

கடைக்காரர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "பெட்டியில ஏழுன்னு போட்டிருக்கு. நான் ஏழுன்னு விக்கிறேன். உள்ள என்ன இருக்குன்னு பிரிச்சுப் பாக்கறது என் வேலை இல்லம்மா."

அவள் அங்கேயே நின்றாள். கடைக்காரர் ஒரு தடவை விரட்டிப் பார்த்தார், அப்புறம் விட்டுவிட்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு ஆள் வந்தார். புருவத்திலும் காதிலும் சிமெண்ட் தூள், கையில் ஹெல்மெட். அவள் கணவருக்கு இருக்கிற அதே தடித்த மணிக்கட்டு.

"ஏழு ஒண்ணு குடுங்க" என்றார்.

"அது வேண்டாம்ணே" என்றாள் அவள்.

அவர் திரும்பினார். "ஏன்மா?"

"இப்ப வந்திருக்கறது சரியில்ல. கண்ணு மூடிக்கும். வேற கம்பெனி வாங்கிக்கோங்க."

"உங்களுக்கு என்னம்மா தெரியும் பிளேடைப் பத்தி? நான் பதினோரு வருஷமா ஏழுதான் போடறேன். நடுவுல ஒரு மாசம் என்னமோ சுகமில்லாம இருந்துச்சு, ஒத்துக்கறேன். செய்யற ஆளுக்கு உடம்பு கிடம்பு முடியலையோன்னு நெனச்சேன். போன வாரம் ஒண்ணு வாங்கினேன் பாருங்க, பழைய கை திரும்பிடுச்சு. அந்த ஆளு கை வேறம்மா. அதெல்லாம் அறுக்கறவனுக்குத்தான் தெரியும்."

கடைக்காரர் பெட்டியை எடுத்து மேசையில் வைத்துவிட்டார். வாங்க வந்தவரின் கை சட்டைப்பைக்குப் போனது.

"அந்த ஆளு இப்ப அங்க இல்லண்ணே."

"இல்லன்னா?"

வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். சொன்னால் என்ன ஆகும் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. ஒரு ஆள் போனால் இன்னொரு ஆள், நம்பர் அதே நம்பர்தானே என்று சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். போய், மூன்றாவது மாடியில் தொங்கிக்கொண்டு அமுக்குவார்.

"போயிட்டாரு" என்றாள்.

சட்டைப்பைக்குப் போன கை அப்படியே நின்றது. "எப்ப?"

"இன்னைக்குக் காலையில. பத்தரை மணிக்கு."

"உடம்பு முடியாமயா?"

"இல்லண்ணே. நல்லாத்தான் இருந்தாரு. வேலையிலேயே போயிட்டாரு."

அவர் ஹெல்மெட்டை மேசையில் வைத்தார். "நீங்க அவருக்குச் சொந்தமா?" என்று கேட்டார். குரல் தணிந்திருந்தது.

அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"புள்ளைங்க?"

"ரெண்டு பொண்ணுங்க."

"அடப் பாவமே." அவர் பெட்டியின் மேல் கை வைத்து, அந்த ஏழாம் நம்பரைக் கட்டை விரலால் ஒரு தடவை தடவினார். "நான் அவரைப் பாத்ததே இல்லம்மா. ஆனா மேல நிக்கும்போது கையில இருக்கறது ஏழுன்னா, கூட ஒரு ஆளு நிக்கற மாதிரி இருக்கும். பதினோரு வருஷத்துல ஒரு நாள் அந்த மனுஷன் என்னை மோசம் பண்ணல. நல்ல மனுஷன்மா."

பத்தொன்பது வருடத்தில் இதை யாரும் அவளிடம் சொன்னதில்லை. விசாரணையில் வராத அழுகை இப்போது வந்துவிட்டது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றபடியே அழுதாள்.

"அழாதீங்கம்மா" என்றார் அவர், தானும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. கடைக்காரரிடம் திரும்பி, "இதை உள்ள வைங்க. வேற எது இருக்கோ அதைக் குடுங்க" என்றார். கடைக்காரர் அவளை முறைத்துக்கொண்டே ஊதாப் பெட்டியை எடுத்துத் திரும்ப அடுக்கினார்.

வேறு பிளேடை வாங்கிக்கொண்டு வாசல் வரை போனவர் நின்றார். "எங்க வேலையிடத்துல எல்லாப் பசங்களும் ஏழுதான் வாங்குவாங்க. அவரு போயிட்டாருன்னு சொல்லிடவா?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சொல்லிடுங்கண்ணே. எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க."